சைலன்சர்

உதிரிப்பாகக் கடைக்காரர் என்னை வாய் பேச முடியாதவன் என்று நினைத்துக்கொண்டார். அதைத் திருத்த எனக்கு மூன்று தடவை சந்தர்ப்பம் கிடைத்தது. மூன்று தடவையும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அவர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

நான் திருகோணமலையில் துறைமுகத்துக்குப் பக்கத்து ஐஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். இயந்திரச் சத்தத்துக்குள் அங்கே யாரும் கதைப்பதில்லை, கையைக் காட்டினால் போதும். எனக்கு ஏற்ற இடம். வீட்டில் கதைக்கும் வேலை முழுவதையும் என் மனைவி பார்த்துக்கொண்டாள். அரசாங்கக் கந்தோர்களுக்குப் போவது, கலியாண வீட்டில் நலம் விசாரிப்பது, இறங்கும் இடத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொல்வது, எல்லாம் அவள்தான்.

அவளுடைய தொழிலுக்கும் சத்தம்தான் முதல். வீட்டில் நைட்டியும் பிள்ளைகளின் சட்டையும் தைத்து, பையில் அடுக்கிக் கிண்ணியாப் பக்கம் வீடு வீடாகக் கொண்டுபோய் விற்பாள். ஒரு வேலிப் படலையில் நின்று "அக்கோய்!" என்று கூப்பிட்டால் அடுத்த மூன்று வீட்டுக்காரரும் வெளியே வந்துவிடுவார்கள். என் லீவு நாளில் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். அப்படிப் போன ஒரு நாள்தான் குறிஞ்சாக்கேணியில் அவள் அந்த மோட்டார் சைக்கிளைக் கண்டாள்.

தொண்ணூறு சிசி. எங்கள் கலியாணத்துக்கும் மூத்தது. ஒரு கொட்டிலுக்குள் சாய்ந்து கிடந்தது. சீற்றின் பஞ்சைக் கிளறி அதில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"நானா, இதை என்ன செய்யப் போறீங்க?" என்று வீட்டுக்காரரை அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்.

"கோழி எழும்பினாப் பிறகு யோசிப்பம், தங்கச்சி."

"கோழியை நீங்க வச்சிருங்க. மற்றதை எங்களுக்குத் தாங்க. இவர் இஞ்சினோட சீவிக்கிற மனுசன், திருத்தி எடுத்துப்போடுவார்."

அவர் என்னைப் பார்த்தார். "அவர் ஒண்டும் சொல்றாரில்லையே?"

"அவர் சந்தோசத்தில நிக்கிறார்."

உண்மையில் எனக்குப் பயம்தான் முதலில் வந்தது. ஆனால் சந்தோசமும் இருந்தது. என் லீவு நாட்களில் நான் ஓட்டுவதும், அவள் பையோடு பின்னால் இருப்பதும், பஸ் போகாத குறுக்கு ஒழுங்கைகளுக்கெல்லாம் போவதும் அவளுடைய திட்டம். விலை பேசி, அதற்கு மேல் அவருடைய மனைவிக்கு இரண்டு நைட்டி என்றும் முடிவானது.

கோழி எழும்ப முன்னமே அவளுடைய கழுத்தில் கட்டி தெரிந்தது. தைரொயிட் என்றார்கள். வெட்டி எடுக்க வேண்டும் என்றும், சத்தத்துக்குப் போகும் நரம்பு அதற்குப் பக்கத்திலேதான் ஓடுகிறது என்றும் டொக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். கட்டி பயப்படும் கட்டி இல்லை என்று வந்தது. அதற்கு நான் கோயிலில் விழுந்து கும்பிட்டேன். ஆனால் ஒப்பரேசன் முடிந்து அவள் வாயைத் திறந்தபோது காற்று மட்டும் வந்தது. நரம்பு களைத்துப் போயிருக்கிறது, பலருக்குச் சில மாதத்தில் திரும்பும், சிலருக்குத் திரும்பாது, ஆறு மாதம் பார்ப்போம் என்றார் டொக்டர்.

பக்கத்து வீட்டு வானொலியில் என்ன பாட்டுப் போகிறது என்று எங்கள் குசினிக்குள் அவள் வீடு திரும்பிய அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது. அவள் என்னைக் கூப்பிடக் கரண்டியால் சட்டியில் தட்டினாள். ஒரு தட்டு என்றால் வாருங்கள். இரண்டு என்றால் உடனே வாருங்கள். மூன்று தட்டின் பொருளை எழுத ஏலாது. மற்றதெல்லாம் ஒரு கொப்பியில் எழுதிக் காட்டினாள்.

கேள்விப்பட்டுக் குறிஞ்சாக்கேணிக்காரர் ஒரு சின்ன லொறியில் மோட்டார் சைக்கிளைத் தானே ஏற்றிக்கொண்டு வந்தார். கழன்ற ஆணிகள் போட்ட ஒரு பால்மா டின்னையும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். நாங்கள் நைட்டி இரண்டையும் நீட்டியபோது வாங்கவில்லை.

"வீட்டுக்காரி வேணாமெண்டிட்டா. தங்கச்சி எங்கட படலைல வந்து நிண்டு கூப்பிட்டுத் தந்தாத்தான் வாங்குவாவாம். இப்ப எங்கட ஒழுங்கை செத்த வீடு மாதிரிக் கிடக்காம்."

அவள் சிரித்தாள். பிறகு குசினிக்குள் போய் அழுதாள்.

நான் வேலையைத் தொடங்கினேன். இஞ்சின் இறுகிப்போயிருந்தது. பிளக்கைக் கழற்றி அந்தத் துவாரத்துக்குள் டீசலை ஊற்றி எட்டு நாள் விட்டேன். ஒன்பதாம் நாள் கிக்கரில் ஏறி நின்றபோது ஒரு விரலளவு இறங்கியது. கழற்றிப் பார்த்தால் பிஸ்டன் றிங் தேய்ந்திருந்தது. வேறு வழியில்லாமல் உதிரிப்பாகக் கடைக்குப் போனேன்.

கடையில் ஒரே சனம். எனக்கு முன்னால் நின்றவர்கள் உரத்துக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். நான் வீட்டில் எழுதிக் கொண்டுபோன துண்டை எடுத்து வைத்தேன். கடைக்காரர் அதை வாசித்தார், என்னைப் பார்த்தார், முகம் இளகியது. தன் வாயைத் தொட்டுக் கையை விரித்தார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான். உட்கார ஒரு கதிரை வந்தது. தேத்தண்ணி வந்தது. றிங்கை எப்படிப் போட வேண்டும் என்று ஒரு அட்டையில் படம் கீறிக் காட்டினார். அந்தப் படம் இல்லாவிட்டால் நான் அதைத் தலைகீழாகத்தான் போட்டிருப்பேன். அடுத்த இரண்டு தடவையும் அப்படியே நடந்தது. அவ்வளவு அன்பாகக் கைகளை ஆட்டும் மனிதரிடம் வாயைத் திறக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டில் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தாள். கொப்பியில் எழுதினாள்: "நல்ல பொருத்தம்."

பெற்றோல் தாங்கிக்குள் துரு நிறைந்திருந்தது. இரண்டு கை சரளைக் கல்லும் கொஞ்சம் டீசலும் போட்டு ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினோம். ஊரே கேட்கும் சத்தம். வேலிக்கு அங்கால் இருந்து அடுத்த வீட்டு அக்கா கத்தினா:

"என்ன அங்க, புருசனும் பெண்சாதியும் கல்லு அவிக்கிறியளோ?"

இப்படி ஒன்று கேட்டால் என் மனைவி விடமாட்டாள். "ஓம் அக்கா, உங்களுக்கும் ஒரு கோப்பை தரட்டோ?" என்று பதில் உடனே போயிருக்கும். அவள் வாயைத் திறந்தாள். காற்று வந்தது. என்னைப் பார்த்தாள். அந்தப் பதில் என் நாக்கில் அப்படியே இருந்தது. எனக்கு வரவில்லை. வேலிக்கு அங்கால் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அக்கா உள்ளே போய்விட்டா. என் மனைவி தாங்கியைக் கீழே வைத்துவிட்டுக் கொப்பியை எடுத்தாள்.

"நீங்களாவது சொல்லியிருக்கலாம்."

நான் தாங்கியை எடுத்துத் தனியாகக் குலுக்கத் தொடங்கினேன்.

கிளினிக்கில் பேச்சுப் பயிற்சி தரும் இளம் பெண்பிள்ளை ஒரு பயிற்சி சொல்லியிருந்தா. இரண்டு கையாலும் சுவரைத் தள்ளிக்கொண்டு, மூச்சை அடக்கி, "ஆ" சொல்ல வேண்டும். காலையில் அவள் சுவரைத் தள்ளுவாள், நான் முற்றத்தில் கிக்கரை மிதிப்பேன். அங்கேயும் காற்று, இங்கேயும் காற்று. ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள் இஞ்சின் பிடித்துக்கொண்டது. சைலன்சர் உக்கி ஓட்டையாக இருந்தபடியால் வெடி கொளுத்தியதுபோல் இரைந்தது. அவள் ஓடிவந்து கை தட்டினாள். எனக்கு அதை உடனே நிற்பாட்ட வேண்டும் போல் இருந்தது. அவளுக்கு முன்னம் அது வாய் திறந்துவிட்டதே என்று ஒரு குற்ற உணர்வு.

சைலன்சர் மாற்ற வேண்டும் என்றேன். அவள் எழுதினாள்: "எனக்கு ஒண்டு பூட்டியாச்சு. அதுக்கும் வேணுமோ?"

அந்த முறை கடைக்கு அவளும் வந்தாள், தையலின் தழும்பு தெரியாமல் கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு. கடைக்காரர் என்னைக் கண்டதும் கையை உயர்த்தினார். பிறகு அவளைப் பார்த்து "தங்கச்சி, இவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். அவள் தன் தொண்டையைத் தொட்டுக் கையை விரித்தாள். அவர் முகம் விழுந்துவிட்டது.

"பாவம்," என்றார் பக்கத்தில் நின்றவரிடம், "ரெண்டு பேருக்குமே ஏலாது."

அந்த மனிதர் பிளக் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அப்ப குடுத்து வச்ச வீடு. சண்டையே வராது."

நான் என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அவள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. சால்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துச் சுற்றினாள்.

"வரும்," என்றேன்.

கடைக்காரரின் கையில் இருந்த பென்சில் விழுந்தது.

"வரும் அண்ணை. எங்கட வீட்டில நல்லாச் சண்டை வந்தது. இவவுக்கு ஒப்பரேசன் செய்தது. சத்தம் திரும்பி வரும். இனியும் சண்டை வரும்." என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. நிறுத்தத் தெரியாமல், "தொண்ணூறுக்கு ஒரு சைலன்சரும் வேணும்," என்றேன்.

"அட நாசமாப் போவானே!" என்று கடைக்காரர் தலையில் கை வைத்தார். "மூண்டு தரமா நான் கையை ஆட்டி ஆட்டித் தோள்மூட்டு நோகுது! பெண்சாதியிட்டச் சொல்லிக் கவலைப்பட்டனான்! தேத்தண்ணி வேற!"

"மன்னியுங்கோ அண்ணை."

"மன்னிக்க ஏலாது. இரும். இண்டைக்கும் குடிச்சிட்டுப் போம்."

என் மனைவி அழுதுகொண்டு சிரித்தாள். பிளக் மனிதர் அவளிடம் வந்து, "தங்கச்சி, தெரியாமச் சொல்லிப்போட்டன்," என்றார். அவள் கையை அசைத்து விட்டுவிடச் சொன்னாள்.

அந்தப் பழைய மொடலுக்குச் சைலன்சர் கையில் இல்லை. தேடி எடுக்க இரண்டு கிழமை, பதினாலு நாளாவது வேண்டும் என்றார் கடைக்காரர். அந்த இரண்டு கிழமையும் நாங்கள் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளில் மட்டும் மோட்டார் சைக்கிளை ஓடிப் பார்த்தோம். சத்தத்தில் நாய்கள் ஓடின. அவள் பின்னால் இருந்து தோளில் தட்டிக்கொண்டிருந்தாள். நான் வழி காட்டுகிறாள் என்று நினைத்துத் திரும்பித் திரும்பி ஓடினேன்.

சைலன்சரைக் கடைக்காரரே வீட்டுக்குக் கொண்டுவந்து, முற்றத்து மண்ணில் படுத்துக் கிடந்து பூட்டினார். வேறொரு ஊரில் ஒரு நண்பர் கழற்றி வைத்திருந்தது, துருவை வழித்துக் கறுப்பு வர்ணம் பூசியிருந்தார். மிதித்தபோது இஞ்சின் மெல்லமாக, தையல் மெசின்போல் ஓடியது.

அடுத்த லீவில் குறிஞ்சாக்கேணிக்குப் புறப்பட்டோம். நைட்டி இரண்டையும் அவள் எடுத்துக்கொண்டாள். கூப்பிட முடியாவிட்டாலும் படலையில் நின்று கொடுத்துவிட்டு வருவோம் என்று எழுதியிருந்தாள். பெற்றோல் அடித்துக்கொண்டு பஸ் நிலையத்தைத் தாண்டியதும், ஊருக்குள்ளேயே திரியும் மான்கள் வழக்கம்போல் றோட்டில் நின்றன. நான் ஒரு பக்கத்தால் எடுத்துப் போய்விடலாம் என்று நினைத்தேன்.

"மெல்ல."

யாரோ றோட்டால் போகிறவர் என்று நினைத்தேன்.

"மெல்லப் போங்கோ எண்டு சொல்றனல்லோ! மான் நிக்குது!"

மரம் அரிவதுபோல் ஒரு குரல். என் காதுக்குப் பின்னால்.

நான் பிறேக்கை அழுத்திக் காலை ஊன்றினேன். இஞ்சின் நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

"என்ன சொன்னனீர்?"

"ரெண்டு கிழமையாச் சொல்றன். 'ஆ' வருது, 'ஓ' வருது, பின்னால இருந்து கத்திக்கொண்டு வாறன். உங்கட வெடிக்குள்ள எங்க கேக்கும்? தோளில தட்டினாலும் விளங்குதில்லை!"

"வீட்டில ஏன் சொல்லேல்லை?"

"வீட்டில சரியா வரேல்லை. வந்திட்டு நிண்டிட்டா என்ன செய்யிறது? இதில எண்டா ஒருத்தருக்கும் கேக்காது தானே."

"எனக்குக் கேட்டிருக்க வேணும்."

"ஓம். உங்களுக்குக் கேட்டிருக்க வேணும். இடப்பக்கம் திரும்பச் சொன்னா வலப்பக்கம் திரும்பினீங்க. நிப்பாட்டச் சொன்னா வேகத்தைக் கூட்டினீங்க. சறுக்கி விழுந்திருந்தா?"

நடு றோட்டில் அப்படியே நின்று சண்டை பிடித்தோம். மான்கள் அசையவில்லை. பின்னால் ஒரு முச்சக்கர வண்டிக்காரர் ஹோர்ன் அடித்து அடித்துக் களைத்துவிட்டார். அவள் குரல் இடையிடையே உடைந்தது. நின்று மூச்செடுத்துவிட்டு மறுபடி பிடித்தாள். நானும் விடாமல் பதில் சொன்னேன். எங்கள் வாழ்க்கையில் நான் பதில் சொல்லிச் சண்டை பிடித்தது அதுதான் முதல் தடவை என்று அவள் பிறகு சொன்னாள்.

குறிஞ்சாக்கேணியில் அந்தப் படலையில் நின்று "அக்கோய்" என்றாள். சத்தம் அடுத்த வீடு வரைக்கும்கூடப் போகவில்லை. இந்த வீட்டில் கேட்டது. நைட்டி கைமாறியது. அந்த நானா மோட்டார் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, கோழி அடைகாக்க இனி எங்கே இடம் தேடுவேன் என்று கேட்டார்.

குரல் முழுவதும் பழையபடி வரவில்லை. இப்போது ஒரு வீட்டுக்குக் கேட்கும், நல்ல நாளில் இரண்டு. மிச்சத்துக்கு நான் ஹோர்ன் அடிக்கிறேன்.

குறிஞ்சாக்கேணிக்குப் போய் வந்த மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் கடையடியில் நிறுத்தினேன். உள்ளே சனம் நிறைந்திருந்தது. துண்டு எதுவும் நான் எழுதிக் கொண்டுபோகவில்லை. எல்லாருக்கும் பின்னால் வாசலில் நின்றபடியே சொன்னேன்:

"அண்ணை, சண்டை வந்திட்டுது!"

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார்.