எனக்குங்க

பள்ளிக்கூடத்தில் எனக்குக் கொடுத்த வேலை மணி அடிப்பது, பெருக்குவது, தண்ணீர்ப் பானைகளை நிரப்பி வைப்பது. வாலிபால் டீமோடு ஊர் ஊராகப் போவது அதில் சேராது. ஆனால் தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்த பி.டி. மாஸ்டருக்கு இருபத்தாறு வயது. திருநெல்வேலிக்காரர், கல்யாணம் ஆகாதவர். சத்தியமங்கலம் பக்கம், பெண்கள் மட்டும் படிக்கிற பள்ளிக்கூடம். "கூட ஒரு பொம்பளை வராம எங்க புள்ளைகள அனுப்ப மாட்டோமுங்க" என்று பெற்றோர்கள் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். தலைமையாசிரியை சுற்றுமுற்றும் பார்த்தார். கையில் விளக்குமாறோடு நான்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அது எவ்வளவு பெரிய தப்பு என்பது கோபிச்செட்டிபாளையத்தில் நடந்த முதல் மேட்சிலேயே தெரிந்துபோனது. நான் பயந்த சுபாவம். பஸ் வேகமாகப் போனால் பயம்; மெதுவாகப் போனால் இருட்டிவிடுமோ என்று பயம். பையில் எலுமிச்சம்பழம், குளுக்கோஸ், ஊக்கு, வேப்பெண்ணெய், திருநீறு எல்லாம் வைத்திருந்தேன். விளையாட்டு ஆரம்பிக்கும் முன் ஒவ்வொரு பிள்ளையாகப் பிடித்து, "வயிறு ஒண்ணும் பண்ணலையே கண்ணு? தலை சுத்துதா? கை ஏன் இப்படிச் சில்லுனு இருக்குது?" என்று கேட்டேன். பாசத்தில்தான் கேட்டேன். விசில் ஊதுவதற்குள் மூன்று பேர் கக்கூஸுக்கு ஓடினார்கள். ஒருத்திக்கு நிஜமாகவே தலை சுற்றியது.

மாஸ்டர் என்னைக் கும்பிடாத குறை. "எக்கா, நீங்க கேக்கக் கேக்க எனக்கே வயித்த வலிக்கி. செத்த நேரம் சும்மா இருங்களேன்."

அன்றைக்குத் தோற்றோம். அடுத்ததும் தோற்றோம். பிள்ளைகள் ஆடத் தெரியாதவர்கள் இல்லை. தனித்தனியாகப் பந்தைப் போட்டால் ஒவ்வொருத்தியும் அழகாக எடுப்பாள். ஆறு பேர் சேர்ந்து நின்றால் மட்டும் பந்து இரண்டு பேருக்கு நடுவில் பொத்தென்று விழும். இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

மாஸ்டர் அதைப் பயம் என்று முடிவு கட்டினார். "ஏ பிள்ள, பந்து என்ன பாம்பா? ஏன் வெலகுத?" என்று கத்துவார். பிறகு மனசு இளகி எல்லாரையும் உட்காரவைத்து, தைரியம் வேண்டும், நம்மால் முடியும் என்று காலையில் எழுந்ததும் பத்துத் தடவை சொல்ல வேண்டும் என்பார். பிள்ளைகள் "சரிங்க சார்" என்பார்கள். பத்துத் தடவை சொல்லியும் இருப்பார்கள், அப்படிப்பட்ட பிள்ளைகள். சாயங்காலம் பந்து மறுபடியும் நடுவில் விழும்.

அதிகம் விழுந்தது ஒரு பத்தாம் வகுப்புப் பெண்ணுக்குப் பக்கத்தில்தான். டீமிலேயே உயரம் அவள். எம்பினால் வலைக்கு மேலே முழங்கை தெரியும். அவளுடைய அப்பா கரும்பு வெட்டப் போகிறவர்; ஆலை ஓடும்போது வெல்லம் காய்ச்சவும் போவார். பத்தாவது முடிந்ததும் பெண்ணை நூல்மில்லுக்கு அனுப்புவது என்று வீட்டில் பேசி முடித்தாகிவிட்டது. மாஸ்டர் இரண்டு முறை அவர்கள் வீட்டுக்கு நடந்தார். கோயமுத்தூரில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறார்கள், தேர்வானால் தங்க இடம், சாப்பாடு, பன்னிரண்டு வரை படிப்பு என்று சொன்னார். அந்த மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு, "எடுத்தாங்கன்னா போகட்டுங்க. எடுக்காட்டி மில்லுக்குப் போகட்டுங்க" என்றார்.

அன்றிலிருந்து அவளுடைய பயத்தையும் சேர்த்து நான் படத் தொடங்கினேன்.

எப்போதும் கவலைப்படுகிறவளுக்கு ஒரு வசதி உண்டு. எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கேதான் முதலில் கண் போகும். மாஸ்டர் கோட்டுக்கு வெளியே விசிலும் வாயுமாக நிற்பார். நான் வலைக் கம்பத்துக்கு அடியில் தண்ணீர்ப் பானையோடு உட்கார்ந்திருப்பேன். பிள்ளைகள் பேசுவது எனக்குக் கேட்கும். ஒருநாள் பந்து உயரமாக வந்தது. நம் உயரமான பெண்ணுக்கும், பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிற இன்னொருத்திக்கும் நடுவில் இறங்கியது.

"நீங்க எடுங்க்கா."

"நீயே எடு கண்ணு, பரவால்ல."

"இல்லீங்க்கா, நீங்க..."

பொத்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒறம்பரை வந்த வீட்டில், அதுதான் விருந்தாளி வந்த வீட்டில், கடைசி இட்லியை ஒருவர் இலையிலிருந்து இன்னொருவர் இலைக்குத் தள்ளுவோமே, அதையேதான் இவர்கள் பந்தை வைத்துக்கொண்டு செய்தார்கள். இது பயம் இல்லை. மரியாதை.

மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "மரியாதையா? 'எனக்கு'ன்னு சத்தம் போட்டுட்டுப் பந்தை எடுக்கணும்னு மொத நாளே சொல்லிருக்கம்லா?"

"சொன்னீங்க சார். எந்தப் புள்ளை சொல்லுச்சு?"

அவர் யோசித்தார். ஒருத்தியும் சொன்னதில்லை.

எப்படிச் சொல்வார்கள்? எங்கள் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனால், பசித்தாலும் "இப்பத்தானுங்க சாப்ட்டு வாரேன்" என்பதுதான் வழக்கம். "எனக்கு" என்று முதலில் கேட்கிற பிள்ளையை, பெண் பிள்ளையானால் இன்னும் கொஞ்சம் அழுத்தமாக, பெரியவர்கள் பார்க்கிற பார்வையே வேறு. எங்கள் ஊரில் எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளி கிடையாது. அடுத்த ஊருக்குப் போக வீட்டில் இருந்தது ஒரு சைக்கிள். யார் போவது என்று அப்பா கேட்டபோது, "தம்பி போகட்டுங்க" என்று நான் சொன்னேன். தங்கமான பிள்ளை என்று எல்லாரும் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு எனக்கு ரொம்ப நாள் இனித்தது.

மறுநாள் கடலை உருண்டை பிடித்துத் தூக்குப் போசியில் எடுத்துப்போனேன். ஆட்டம் முடிந்ததும் மாஸ்டர் ஒரு சட்டம் போட்டார். யோசனை என்னுடையது. யார் "எனக்கு" என்று கேட்கிறார்களோ அவர்களுக்கு மட்டும் உருண்டை.

ஆறு பேரும் போசியைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அவளுக்குக் குடுங்க ஆயாம்மா, காலைலேர்ந்து சாப்பிடலை."

"ஐயோ, நான் சாப்ட்டனுங்க. அக்காவுக்குக் குடுங்க."

"சாருக்கு மொதல்ல குடுங்க."

மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு, "எனக்கு!" என்று கத்தினார். இரண்டு உருண்டைகளை எடுத்து ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டார். பேச முடியாமல் கன்னம் உப்பி அவர் நின்ற கோலத்தைப் பார்த்துப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு சிரிப்பாகக் குட்டைப் பெண் ஒருத்தி "எனக்கு" என்றாள். அடுத்து இன்னொருத்தி. மூன்றாம் நாள் முடிவதற்குள் ஐந்து பேர் கேட்டு வாங்கிவிட்டார்கள். பந்துக்கும் மெதுவாக அந்தச் சொல் வந்தது. பவானி ஆற்றங்கரை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்கள்.

உயரமான பெண் மட்டும் கேட்கவில்லை. நான்காம் நாள் வாயைத் திறந்து, "எனக்கு..." என்றாள். எல்லாரும் கைதட்டத் தயாரானோம். "எனக்கு வேண்டாமுங்க" என்று முடித்தாள்.

சட்டத்தை மீறி முந்தானைக்குள் ஒளித்துக் கொடுத்துவிடலாமா என்றிருந்தது. கொடுக்கவில்லை. அன்று வீட்டுக்குப் போய் எனக்குச் சோறு இறங்கவில்லை.

விடுதிக்கு ஆள் எடுக்கும் நாள் வந்தது. காலை பஸ்ஸில் மாஸ்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். நானும் அவளும் பின்னால். அன்று அவளை ஒரு கேள்வியும் கேட்கக்கூடாது என்று மாரியாத்தா மேல் சத்தியம் செய்திருந்தேன். வாய் சும்மா இருக்காதே என்று ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டேன். அன்னூர் தாண்டியது. சரவணம்பட்டி வந்தது, அப்போதெல்லாம் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் சோளக்காடுதான். கிராம்பு நாக்கை எரித்தது. நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் என் முழங்கையைத் தொட்டாள். முகம் வெளுத்திருந்தது. "ஏனுங் ஆயாம்மா, இன்னைக்கு ஒண்ணுமே கேக்காம வாரீங்க? எனக்கு என்னமோ ஆகப்போகுதுங்களா?"

கிராம்பைத் துப்பிவிட்டேன். பேசாமல் இருந்தும் பயமுறுத்தியாகிவிட்டது. இனி உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழி இல்லை.

"உனக்கு ஒண்ணும் ஆகாது கண்ணு. பயம் எனக்கு. நேத்துலேர்ந்து வயித்துக்குள்ள கல்லுப் போட்ட மாதிரி இருக்குது."

"உங்களுக்குங்களா?"

"ஆமா, எனக்குத்தான். இந்தப் பயத்துக்கு நீ பங்குக்கு வராத. இதை முழுசா நானே வெச்சுக்கறேன்."

அவள் என் முழங்கையிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, "பயத்தைக் கேட்டு வாங்கறீங்க, கடலை உருண்டை ஒண்ணுகூட எடுத்துத் தின்ன மாட்டீங்க" என்றாள். அவள் கேலி பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

கோயமுத்தூரில் ஒரு பெரிய கல்லூரி மைதானம். எங்கெங்கிருந்தோ வந்த பெண்களைக் கலந்து ஆறு ஆறு பேராக நிறுத்தினார்கள். மரத்தடியில் நாற்காலி போட்டு மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் பெண்ணுக்குப் பக்கத்தில் டவுன் பெண் ஒருத்தி, நல்ல ஷூ போட்டவள். முதல் பந்து இருவருக்கும் நடுவில் இறங்கியது. நம் பெண் கையைத் தாழ்த்தி வழிவிட்டாள். பொத். "ஏய், அது உன் பால்தானே?" என்று டவுன் பெண் முறைத்தாள். இரண்டாவதும் அப்படியே விழுந்தது. மரத்தடியில் இருந்தவர்களில் ஒருவர் தாளில் எதையோ எழுதினார். மாஸ்டர் விசில் கயிற்றைக் கடித்துக்கொண்டிருந்தார். நான் புடவைத் தலைப்பில் எத்தனை முடிச்சுப் போட்டேன் என்று எனக்கே தெரியாது.

மூன்றாவது பந்து வெயிலுக்குள் போய் மறைந்து இறங்கியது.

"எனக்குங்க!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. டவுன் பெண் சிரித்தபடியே விலகினாள். பந்து இவள் விரல்களில் பட்டுச் சுத்தமாக மேலே போனது. அடுத்த பந்துக்கும் "எனக்குங்க!" அதற்கடுத்ததுக்கும். ஒன்றைத் தவறவிட்டாள், விட்டதும், "மன்னிச்சுக்கோங்க, அது எனக்குத்தானுங்க" என்றாள். மரத்தடியில் இருந்தவர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "யாரும்மா அந்த எனக்குங்க? எந்த ஊரு?"

எங்கள் ஊர்ப் பேச்சில் மரியாதைக்குச் சேர்க்கிற அந்த ங்க-வை மட்டும் மாஸ்டராலும் என்னாலும் அவள் வாயிலிருந்து கடைசிவரை எடுக்க முடியவில்லை. எடுக்க வேண்டியதும் இல்லை போலிருக்கிறது.

மூன்று மணிக்குப் பெயர்களை வாசித்தார்கள். அவள் பெயர் இல்லை. தொப்பிக்காரர் மாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டார். பெண் நன்றாக வருவாள், ஆனால் ஆடிப் பழகினது பத்தாது, பதினொன்றாம் வகுப்பிலும் ஆள் எடுப்போம், அடுத்த வருடம் கட்டாயம் கூட்டி வாருங்கள் என்றார். அடுத்த வருடம் அவள் மில்லில் இருப்பாள் என்று அவரிடம் யார் சொல்வது?

திரும்பும் பஸ்ஸில் அவள் அழுதாள். நான் அழாதே என்று சொல்லவில்லை. எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தேன், முகர்ந்துகொண்டே அழுதாள். அன்னூர் வந்ததும் அழுகையை நிறுத்திவிட்டுத் தூங்கிப்போனாள்.

இறங்கும் இடத்தில் அவளுடைய அப்பா சைக்கிளோடு நின்றார். மாஸ்டரின் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. "போச்சாதுங்க சார், பரவால்லீங்க. நீங்க என்ன பண்ணுவீங்க. வா கண்ணு, ஊட்டுக்குப் போலாம்" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மாஸ்டர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். நானும் எடுத்தேன்.

"எனக்கு" என்றாள் அவள். சைக்கிளுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, மைதானத்தில் கத்திய அதே சத்தத்தில். டீக்கடைப் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அவள் குரலை இறக்கினாள். "எனக்கு இன்னொரு வருசம் படிக்கோணுங்கப்பா. பந்தும் ஆடோணும். எனக்கு வேணுங்க."

அவர் அவளையே பார்த்தார். அந்தப் பெண் அதற்குமுன் அவரிடம் எதையாவது கேட்டிருப்பாளா என்பது சந்தேகம். பிறகு என் பக்கம் திரும்பினார். "இதுதானுங்களா நீங்க சொல்லிக் குடுத்தது?"

 பெண்ணைக் கெடுத்துப்போட்டதாக ஊர் பேசும், தலைமையாசிரியை வேலையைவிட்டு நிறுத்துவார் என்றெல்லாம் ஒரு நொடியில் ஓடியது. "ஆமாங்க" என்றேன். "நாந்தானுங்க."

"ஊட்ல போய்ப் பேசிக்கறமுங்க" என்று சொல்லி அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை. அந்தக் கோடை விடுமுறை முழுவதும் நான் தூங்கிய தூக்கம் எனக்குத்தான் தெரியும்.

ஜூனில் பள்ளி திறந்தது. ஒன்பது இருபதுக்கு முதல் மணி. கையில் சுத்தியலோடு தண்டவாளத் துண்டுக்கு அடியில் நின்று கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்த முகங்களில் அவள் இல்லை. மணியை அடித்துவிட்டால் வரவில்லை என்றாகிவிடும் என்று தோன்றியது. இருபத்தைந்து ஆனது. "மணிக்கு என்னாச்சு?" என்று தலைமையாசிரியை அறையிலிருந்து சத்தம் போட்டார். அத்தனை வருடத்தில் நான் மணியைத் தாமதித்தது அன்று ஒருநாள்தான். அடித்தேன்.

கடைசி அடியின் ரீங்காரம் அடங்கவில்லை. கேட்டில் சைக்கிள் பிரேக் போடும் சத்தம் கேட்டது. பெரிய வகுப்புத் தாவணியைச் சரியாகக் கட்டத் தெரியாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவள் ஓடி வந்தாள். வெளியே அவளுடைய அப்பா இறங்காமல், ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றியிருந்தார். என்னைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல் சைக்கிளைத் திருப்பினார்.

நல்லா இருக்கிறாயா, வயிறு சரியாக இருக்கிறதா, அப்பா திட்டினாரா என்று நூறு கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. ஒன்றையும் கேட்காமல் போசியைத் திறந்து நீட்டினேன்.

"எனக்கு ரெண்டுங்க" என்றாள்.

ஒன்றை யாருக்காவது கொடுத்துவிடுவாளோ என்று வகுப்புக் கதவு வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன். கொடுக்கவில்லை.