ஏழு ஏஞ்சல் மீன்களும் பதினொரு கிராம் சுண்ணாம்பும்

1996 மார்ச் 14, வியாழக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். மனைவிக்கு முகம் துடைத்துவிட்டுக் காப்பி கொடுத்தேன். குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து ஐந்து மாதமாக அவள் படுக்கையில்தான். எட்டு மணிக்கு அன்னூர் சாலையில் நான் வேலை பார்த்த சாயப்பட்டறையில் இருந்தேன்.

அங்கே என் முதல் வேலை தண்ணீர்ச் சோதனை. கிணற்று நீரில் சுண்ணாம்பு இருந்தால் துணியில் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். அதை நீக்கும் தொட்டி வழியாக வந்த நீரில் மருந்தை விட்டால் நீலம் தெரிய வேண்டும், சிவப்பு தெரியக்கூடாது. அன்றும் நீலம். பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டேன். பத்தொன்பது வருடமாகச் சுண்ணாம்பை விரட்டுவதுதான் என் பிழைப்பு.

அந்தத் தண்ணீரைத்தான் வாரம் இரண்டு கேன் ஸ்கூட்டரில் வீட்டுக்குக் கொண்டு வந்துகொண்டிருந்தேன், மீன் தொட்டிக்கு. குழாயில் வரும் சிறுவாணித் தண்ணீர் குடிக்கவே போதவில்லை. எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரோ கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்தது. நான் நூறு லிட்டர் தொட்டியை அவள் கால்மாட்டில் வைத்திருந்தேன். உள்ளே ஏழு ஏஞ்சல் மீன்கள், பின்னால் நாடா போல நீண்ட செடிகள். அவள் பார்க்க வேறு எதுவும் அந்த அறையில் இல்லை. பேச்சும் குறைந்திருந்தது. மீன்களைப் பற்றி மட்டும் பேசுவாள்.

ஒரு மாதமாகச் செடிகளின் புதுத்தளிர்கள் வெளுத்து, முறுக்கிக்கொண்டு வந்தன. பழைய இலைகள் கரைந்தன. அன்று மாலை ஒரு செடியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஆர்.எஸ்.புரம் மீன்கடைக்குக் கொண்டு போனேன். கடைக்காரர் தளிரைக் கிள்ளிப் பார்த்தார்.

"தண்ணில சுண்ணாம்புச் சத்தே இல்லீங்க. எந்தத் தண்ணி ஊத்தறீங்க?"

சொன்னேன். சிரித்தார்.

"அது சட்டைக்கு நல்லதுங்க, சார். உங்கூட்டு போர்த் தண்ணியவே தெனம் ஒரு சொம்பு ஊத்துங்க. மெல்லத் தேறிக்கும். அவசரப்படாதீங்க."

ஒரு சொம்பு என்பது ஓர் அளவா என்று நினைத்துக்கொண்டே வந்தேன். வீட்டில் தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். நூறு லிட்டருக்கு, வேண்டிய கடினத்தன்மைக்கு, பதினொரு கிராம் நீற்றிய சுண்ணாம்பு. பட்டறையிலிருந்து எடுத்து வந்திருந்த சோதனைப் பெட்டியின் தராசில் நிறுத்தேன். கரைத்து ஆறரை மணிக்கு மொத்தமாக ஊற்றினேன். தண்ணீர் பாலாகக் கலங்கியது.

"ஏனுங்க, வெள்ளையடிக்கறீங்களா?" என்றாள்.

"படிஞ்சிரும், அம்மணி. செடி பொழச்சுக்கும்."

பத்து நிமிடத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒன்று பக்கவாட்டில் சாய்ந்தது. கடினத்தன்மையை மட்டும் கணக்கிட்டிருந்தேன். தண்ணீரின் காரத்தன்மை எவ்வளவு ஏறும் என்று பார்க்கத் தோன்றவில்லை. அதை நிறம் மாறிக் காட்டும் சோதனைத் தாள் அதே பெட்டியில்தான் இருந்தது. வீட்டிலிருந்த சிறுவாணித் தண்ணீர் முழுவதையும் ஒரு வாளியில் ஊற்றி மீன்களை அதில் விட்டேன். பிரயோசனமில்லை. ஏழே கால் மணிக்கு ஏழும் மிதந்தன.

அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நல்லதுக்குத்தான செஞ்சீங்க," என்றாள். பிறகு, "என்னையச் செவுத்துப் பக்கமாத் திருப்பி உடுங்க."

திருப்பிவிட்டேன். சாப்பாடு வேண்டாம் என்றாள். வேறு மீன் வாங்கி வருவதாகச் சொன்னேன். அவள் தூங்கவில்லை என்பது மூச்சில் தெரிந்தது.

மறுநாள் காலை எழுந்ததும், காப்பிக்கு அடுப்பு மூட்டுவதற்கு முன்பே, ரப்பர்க் குழாயைத் தொட்டிக்குள் விட்டு வாயால் உறிஞ்சித் தண்ணீரை வெளியே எடுத்தேன். பதினொரு வாளி. அவள் சுவரையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.