தறி நின்றால் வராத இரைச்சல்

எஸ்தர், டேனியல்,

என் திருத்தணி ஆடியோ கடையில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பது ஒரு வேலையா என்று என்னைக் கேலி செய்வீர்கள். வேலைதான். அதில் நான் முட்டாளான ஒரு சங்கதியை எழுதுகிறேன்.

பொதட்டூர்பேட்டையில் பாஸ்கர் என்று ஒரு விசைத்தறிக்காரர். வீட்டுப் பின்கட்டில் ஆறு தறி. வயலின் கச்சேரி என்றால் உயிர். என் பேச்சை நம்பி ஸ்ட்ரீமரும் டாக்கும் வாங்கினார். ஸ்ட்ரீமர், இன்டர்நெட்டிலிருந்து பாட்டை எடுக்கும் பெட்டி. எண்களாக வரும் அந்தப் பாட்டை ஒலியாக மாற்றுவது டாக். இரண்டையும் கோஆக்சியல் என்கிற செம்பு ஒயரில் இணைத்துக் கொடுத்தேன். ஆப்டிகலிலும் இணைக்கலாம், அதில் பாட்டு வெளிச்சமாகப் போகும். ஆனால் கடையில் 192 கிலோஹெர்ட்ஸ் என்கிற உயர்தரப் பாட்டு அதில் எடுக்கவில்லை. அதனால் அதை மட்டமாக நினைத்திருந்தேன்.

மறுநாளே போன். “அண்ணே, பாட்டு நடுவுல கர்ருன்னு கத்துது.”

பஸ் பிடித்துப் போனேன். போட்டுக் கேட்டால் சுத்தமாகப் பாடியது. திருத்தணி திரும்புவதற்குள் மறுபடியும் போன். அடுத்த தடவை ஒயரை மாற்றினேன். மூன்றாவது தடவை யுஎஸ்பியில் இணைத்தேன், அதுவும் செம்பு ஒயர்தான். அப்போதும் நான் கேட்கையில் ஒரு சத்தமும் இல்லை.

பாஸ்கருக்குப் பொறுமை போய்விட்டது. “இன்னிக்கி சரியாவலன்னா எல்லாத்தையும் எடுத்துகினு போய்டுங்கண்ணே. உங்கள நம்பித்தான வாங்கனேன்.”

இந்தப் பக்கம் முதன்முதலாக நான் மாட்டிய செட் அது. திரும்பி வந்தால் இனி எவர் என் பேச்சைக் கேட்பார்?

காபி கொண்டுவந்த அவர் மனைவி வசந்தா சொன்னார்: “அண்ணன் வரும்போதெல்லாம் தறிய நிறுத்திட்டு உக்காந்துகினு கேக்கறீங்க. அப்புறம் எப்டி வரும்?”

“வூட்டுக்கு ஆள் வந்தா தறிய நிறுத்தறதுதான மரியாத?”

“ஆங், அண்ணனுக்கு மரியாத சரி. பெட்டிக்கு என்னாத்துக்கு? ஓட்டுங்க.”

ஆள் வந்தால் தறியை நிறுத்துவது தறிக்காரர் வீடுகளில் வழக்கம், இல்லாவிட்டால் பேச்சு சரியாகக் காதில் விழாது. பாட்டைச் சோதிக்க அமைதி வேண்டும் என்று எனக்கும் நினைப்பு. அதனால் நிறுத்தியது எனக்கு வசதியாகப் போயிற்று.

தறிகள் ஓடின. ஸ்பீக்கரில் கர்ரென்று வந்தது. கோஆக்சியலுக்கு மாற்றினாலும் அதே இரைச்சல். பையிலிருந்த ஆப்டிகல் ஒயரை அரைமனதாகச் செருகினேன். இரைச்சல் போய், ஸ்பீக்கரில் வயலின் மட்டும் கேட்டது. மோட்டார்களின் கரண்டுக் கோளாறு எர்த் வழியாக வந்து, செம்பு ஒயரைப் பிடித்து ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குப் போயிருக்கிறது. வெளிச்சம் போகும் ஒயரில் கரண்டுக்கு வழியில்லை.

“192 எடுக்காதுங்க, 96க்குக் கொறச்சிருக்கேன்” என்று ஒளிக்காமல் சொன்னேன்.

“கொறஞ்சா கொறயட்டும். கர்ரு இல்ல பாருங்க, அது போதும்” என்றார் பாஸ்கர்.

வசந்தா உள்ளேயிருந்து, “மூணு தடவ காபி போட்டவள யாருனா கேட்டீங்களா?” என்றார்.

பிள்ளைகளே, ஒரு சாமான் எந்த இடத்தில் எப்படிப் புழங்குகிறதோ, அங்கே அப்படியே வைத்துச் சோதிக்க வேண்டும். நமக்கு வசதியான இடத்தில் அது நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும்.

அன்று கடைக்குத் திரும்பியபோது யாரும் இல்லை. மேசையில் ஒரு ஆம்ப்ளிஃபயர் சோதனைக்குக் காத்திருந்தது. எப்போதும் ஃபேனை நிறுத்தி, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத்தான் கேட்பேன். அன்று ஃபேனைப் போட்டேன், ட்யூப்லைட்டைப் போட்டேன், சால்டரிங் அயர்னையும் செருகினேன். ஷட்டரை முழுக்கத் தூக்கி பஸ் சத்தத்தை உள்ளே விட்டுவிட்டு, பாட்டைப் போட்டேன்.