எருதுக்குத் தமிழ்

மாமா காலமாகி ஒரு மாதம் ஆகிறது. விஜயபுரத்தில் அவருடைய வேர்க்கடலைக் கொல்லையைப் பற்றிப் பேசத் தொடங்குகிற எவரும் முதலில் சிரிக்கிறார்கள். காரணம் ஓர் எருது.

எங்கள் எல்லைப்புறத்தில், தெலுங்குச் சீமைச் சந்தையில் வாங்கிய மாட்டிடம் தெலுங்கிலேயே பேசுவது வழக்கம். மாமாவுக்கு வீட்டில் தமிழ், ஏரில் தெலுங்கு. ‘ரா’ என்றால் எருது வரும். ‘ஆகு’ என்றால் நிற்கும். ஜோடி மாடு நோயில் இறந்துபோகவே, மிஞ்சிய ஒற்றை எருதைப் பள்ளிப்பட்டுப் பக்கத்து விவசாயி ஒருவருக்கு விற்றார். அதன் பாஷையைச் சொல்ல மறந்துவிட்டார்.

வாங்கியவர் அந்த வாரமே வந்து நின்றார். “இன்னா மாடுங்க இது? நில்லு நில்லுன்னு கத்தறேன், அது பாட்டுக்குப் போய்க்கினே கீது. முதுவுல ரெண்டு வச்சாத்தான் நிக்குது. நாளைக்கே இட்டாந்து கட்டிடறேன்.”

மாமாவின் முகம் சுருங்கியது.

“அடிக்காதீங்க. அதுக்குத் தமிழு தெரியாது. நானே வந்து கத்துக் குடுக்கறேன்.”

அத்தை அடுப்படியிலிருந்தே சொன்னாள்: “பெத்த புள்ளைங்களுக்கு ஒரு எழுத்து சொல்லித் தர்ல. மாட்டுக்கு வாத்தியாரா போறாராம்.”

மாலைதோறும் சைக்கிளில் போனார். பின்னால் நானும். எருது தமிழில் தேறாது, எங்களுடனேயே திரும்பிவிடும் என்பது என் நம்பிக்கை. புது முதலாளி பின்னாலிருந்து ‘நில்லு’ என்பார். மாமா முன்னால் நின்று, வாயே திறவாமல், மூக்கணாங்கயிற்றை மெல்ல இழுத்துப் பிடிப்பார்.

ஒருநாள் மாமா கயிற்றைத் தொடவில்லை. வரப்புக்கு அப்பால் என்னோடு நின்றுகொண்டார். ‘நில்லு’ என்றார் புது முதலாளி. எருது நின்றது.

“பாஸாயிட்ச்சுங்க,” என்று அவர் சிரித்தார். மாமாவும் சிரித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ‘ரா’ என்று கூப்பிட வாயெடுத்தேன். அழைத்தால் அது வரப்பைத் தாண்டி ஓடி வந்திருக்கும். மாமாவின் கை சட்டென்று என் வாயைப் பொத்தியது. எருது ஏரோடு திரும்பி, தூரத்து மூலைக்குப் போகும்வரை எடுக்கவில்லை.

வழியில் மசால் வடை வாங்கித் தந்தார். அவருக்கு எருதின்மேல் ஆசை விட்டுப்போயிற்று என்று முடிவு கட்டியிருந்தேன். நான் சொல்லாமல் விட்ட அதே சொல் அவர் வாயிலும் இருந்திருக்கும் என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.