கல்ச்சரில் வளராத கிருமி

தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து, போன வருடம் ஓய்வு பெற்றேன். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் அனுபவம் கேட்டால், ஜெசிந்தாவைப் பற்றித்தான் முதலில் சொல்வேன்.

அன்று காலை ஓ.பி.யில் ஒரே சத்தம். பெண்கள் கழிப்பறைக்குள் போன ஒருத்தி கதவைத் திறக்கவே இல்லை. வெளியே வரிசையில் நின்றவர்கள் கதவைத் தட்டித் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் போய்க் கூப்பிட்டேன். உள்ளேயிருந்து அழுகைக் குரல் வந்தது.

"வெளிய வந்தா உடனே திரும்ப வரணும் சிஸ்டர். டாக்டர் பேரு கூப்பிடுற வரைக்கும் இங்கனயே இருந்துக்கிடுதேன்."

அவள்தான் ஜெசிந்தா. முப்பது வயது தாண்டியிருக்கும். சொந்த ஊர் திரேஸ்புரம். இறால் கம்பெனி ஒன்றில் தோல் உரிக்கிற வேலை. இரண்டு வருடமாகவே சிறுநீர் அடங்கவில்லை. கால் மணி நேரம் உட்கார முடியாது; போனால் எரியும், சில நாள் இரத்தமும் வரும். கம்பெனியில் சூப்பர்வைசர், "ஒனக்கு வேல இங்கயா, பாத்ரூம்லயாளா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறான். அவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். எரிச்சல் கூடியதே தவிர, போவது குறையவில்லை. கடைசியில் வேலையை விட்டுவிட்டாள்.

வீட்டில் அதைவிட மோசம். கல்யாணமாகி எட்டு வருடமாகியும் பிள்ளை இல்லை. இப்போது இந்த நோயும் சேர்ந்துகொள்ள, மாமியார் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறாள். புருஷன் ஸ்டீபன் விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவன். "சரியானதும் வா" என்று சொல்லி அவளை அண்ணன் வீட்டில் கொண்டு விட்டவன், அப்புறம் எட்டிப் பார்க்கவில்லை.

அவளிடம் பழைய ரிப்போர்ட்டுகள் நிறைய இருந்தன. சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை ஒவ்வொன்றிலும் 'கிருமி வளர்ச்சி இல்லை' என்றே இருந்தது. ஒரு டாக்டர் ஆன்டிபயாட்டிக் மாத்திரை கொடுத்திருக்கிறார். ரெண்டு நாள் கேட்கும், பிறகு பழையபடி. இன்னொருவர் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

"மனச அமைதியா வச்சுக்கோன்னு சொல்லுதாவ சிஸ்டர். எரியுறது மனசா?" என்றாள்.

எங்கள் டாக்டர் அம்மா ரிப்போர்ட்டுகளை மேசையில் பரப்பிவைத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் சீழ் அணுக்கள் நிறைய இருந்தன. "இவ்ளோ சீழ் இருக்கு, ஆனா ஒண்ணுமே வளரல. சாதாரண கல்ச்சர்ல வளராத கிருமி ஒண்ணு இருக்கு. அத யாரும் தேடல" என்றார். தொடர்ந்து மூன்று நாள் காலையில் முதலில் போகும் சிறுநீரைக் கொண்டுவரச் சொன்னார். டி.பி. பரிசோதனைக்கு அனுப்பினோம். பாசிட்டிவ்.

ஜெசிந்தா நம்பவில்லை. "எனக்கு இருமலே கெடையாதே டாக்டர்?"

எப்போதோ மூச்சு வழியாக உள்ளே போன கிருமி, இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் வருடக்கணக்கில் பதுங்கியிருந்து, அங்கிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கியிருக்கிறது என்று டாக்டர் விளக்கினார். ஸ்கேனில் இடது சிறுநீரகம் முழுவதும் போயிருந்தது. சிறுநீர்ப்பை புண்ணாகி ஆறி, ஆறிப் புண்ணாகி, எலுமிச்சம்பழம் அளவுக்குச் சுருங்கிவிட்டிருந்தது.

ஜெசிந்தா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "பிள்ள இல்லாததுக்கும் இதுதான் காரணமா டாக்டர்?"

மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பினோம். கருக்குழாய் இரண்டும் அடைபட்டிருந்தன. அதே கிருமியின் வேலை.

டி.பி. என்றால் வீட்டில் இருப்பவர்களையும் பரிசோதிக்க வேண்டும். அவள் அண்ணன் குடும்பத்தைப் பரிசோதித்தோம். ஸ்டீபனுக்கு நானே போன் போட்டேன். வந்தான். அவனுக்கு ஒன்றும் இல்லை. அவனை உட்காரவைத்து டாக்டர் எல்லாவற்றையும் சொன்னார். தலையைக் குனிந்தபடி கேட்டான்.

"மருந்து முடிச்சா அடைப்பு தெறந்துக்கிடுமா டாக்டர்?"

"கஷ்டம்பா. நோய் குணமாகும். குழாய் திரும்ப சரியாகும்னு சொல்ல முடியாது."

அவன் எழுந்து அவளை வெளியே கூட்டிப்போனான். வாசலில் அவளுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்து, ஆட்டோ பிடித்து ஏற்றி அனுப்பினான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், மனம் மாறிவிட்டான் என்றே நினைத்தேன். அதற்குப் பிறகு அவன் வரவே இல்லை.

மருந்து மாதக்கணக்கில் போயிற்று. பிறகு கெட்ட சிறுநீரகத்தை எடுத்து, குடலிலிருந்து ஒரு துண்டை எடுத்து வைத்துத் தைத்துச் சிறுநீர்ப்பையைப் பெரிதாக்கினார்கள். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட அண்ணன்தான் வந்தார்.

நான் கடைசியாக அவளைச் செக்கப்பில் பார்த்தபோது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. "இப்போ பூசை முடியுற வரைக்கும் மாதா கோயில்ல இருக்க முடியுது சிஸ்டர். எரிச்சலும் இல்ல" என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஊசி போட்ட இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டே கேட்டாள்.

"ஆரம்பத்துலயே இந்த டெஸ்ட்ட எடுத்திருந்தா, ஒரு பிள்ளையாச்சும் பொறந்திருக்குமா?"

"தெரியலையே ஜெசிந்தா" என்றேன். அதுதான் உண்மை. குழாய் எப்போது அடைபட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. அவள் தலையாட்டிவிட்டு, அடுத்து எப்போது வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போனாள்.

புதுப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். சிறுநீரில் சீழ் இருந்து, கல்ச்சரில் எதுவும் வளராமல், மாத்திரையிலும் கேட்காமல் ஒருத்தி திரும்பத் திரும்ப வந்தால், "டி.பி. பாத்தாச்சா டாக்டர்?" என்று கேளுங்கள். டாக்டர் கோபப்பட்டாலும் பரவாயில்லை, கேளுங்கள். ஜெசிந்தா இரண்டு வருடம் ஏறி இறங்கிய இடங்களில், அப்படிக் கேட்க அவளுக்கு ஒரு ஆள் வாய்க்கவில்லை.