கட்டியவர்கள் பக்கத்துக் கடைசி ஆள்

இன்று பருத்தித்துறைக் கடற்கரையில் வருஷப் பிறப்புக் கயிறிழுத்தல். வழக்கம்போல, கலியாணம் கட்டியவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் போட்டி.

ஐந்து பிள்ளைகள் போதுமென்று, இரண்டு மாதத்துக்கு முன் நான் ஆஸ்பத்திரியில் குடும்பக் கட்டுப்பாட்டு ஒப்பரேசன் செய்துகொண்டது ஊருக்கே தெரியும்.

"நீ தள்ளி நில்லடாப்பா. உனக்கு இனிப் பெலன் இல்லை," என்றார் எங்கள் பக்கத் தலைவர் செல்லத்துரை அண்ணை.

"அப்ப எங்கடை பக்கம் வாங்கோ அண்ணை!" என்று எதிர்ப் பக்கத்துப் பெடியள் என்னைப் பார்த்துக் கத்தினார்கள்.

எனக்கு வந்ததே கோபம்! கயிற்றின் நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு கடைசி ஆளாக நின்றேன். ஊரிலேயே பெலசாலி நிற்கிற இடம் அது.

நடுவராக நின்ற ஊர் விதானையார் விசில் ஊதினார். நான் குதிக்காலை மணலில் புதைத்துச் சாய்ந்தேன். பெடியள் அத்தனை பேரும் எங்கள் காலடியில் வந்து விழுந்தார்கள்.

ஆரவாரம் அடங்கியதும் செல்லத்துரை அண்ணை என்னை ஒரு வள்ளத்துக்குப் பின்னால் கூட்டிப் போனார்.

"அந்த ஒப்பரேசன் நோகுமோடா? எனக்கில்லை. கொடிகாமத்திலை ஒருத்தர் கேட்டவர்."

"ஊசி குத்தேக்கை நோகும். ரெண்டு மூண்டு நாள் வீக்கம் இருக்கும். ஒரு கிழமை பாரம் தூக்கக்கூடாது. உடனை பலிக்காது அண்ணை. டொக்டர் சோதிச்சுச் சரியெண்டு சொல்லுமட்டும் கவனமா இருக்கவேணும். பெலன் எங்கையும் போகாது. இப்ப பாத்தனீங்கள்தானே?"

பொழுதுபடுவதற்குள் இன்னும் மூன்று பேர் தனித்தனியே வந்து கேட்டார்கள். அவர்களும் கொடிகாமத்து ஆளுக்காகத்தானாம்.

கொடிகாமத்தில் இருக்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள்: அங்கே என்னதான் நடக்கிறது?