கொடுவாக் கண்ணும் மைனஸ் மூன்றும்

ஒரு வருடம் முழுக்க என் மகளுக்கு மீன் கண் ஊட்டினேன். சிரிக்காதீர்கள்... சரி, சிரித்துக்கொள்ளுங்கள்.

நாலாம் வகுப்புப் படிக்கும் கயல்விழிக்கு (பெயர் வைத்தவனும் நான்தான்!) போர்டு தெரியவில்லை என்று டீச்சர் எழுதி அனுப்பினார். ராயபுரத்துக்காரன் என்ன செய்வான்? நேராகக் காசிமேட்டுக்குப் போனேன். மீன் விற்கும் தனம்மா, வாரம் தவறாமல் ஒரு கொடுவாத் தலையை எனக்கென்று எடுத்துவைத்தார். மீன் கண் தின்றால் பார்வை தெளியும் — எங்கள் பேட்டையில் இதற்கு மறுபேச்சு உண்டா?

கண்டெய்னர் லாரிகளுக்குப் பயந்து வெளியே விளையாடவும் தடை போட்டேன். பள்ளி, டியூஷன், என் செல்போனில் பாம்பு விளையாட்டு... அவள் உலகமே ஒரு முழ நீளம்.

போன வாரம் ஒருவழியாகக் கண் டாக்டரிடம் போனோம். மைனஸ் மூன்று!

"இத்தனை நாள் என்ன பண்ணீங்க?"

சொன்னேன். டாக்டரம்மா பேனாவை மூடிவைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு அவர் சொன்னது சிரிக்கிற விஷயமில்லை. வளர வளர விழி நீளும், பவரும் ஏறும். ரொம்ப ஏறினால் பின்னாளில் விழித்திரைக்கே ஆபத்து. பவரைக் குறைத்துக் கண்ணாடி போட்டால் ஏறாது என்பதெல்லாம் பழைய கதை. வேகத்தை மட்டுப்படுத்தும் சொட்டு மருந்து வெளிநாடுகளில் சோதனையில் இருக்கிறதாம்.

"இன்னொரு புதுச் செய்தி. பகல் வெளிச்சத்துல விளையாடுற பிள்ளைங்களுக்குக் கிட்டப்பார்வை கம்மியா வருதுன்னு சொல்றாங்க. இவளையும் வெளியே விடுங்க சார்."

அடப்பாவி! மருந்தையா வெளியே பூட்டிவைத்திருந்தேன்?

இப்போது மாலை நான்கு மணிக்கு, வலை காயும் திடலில் கயல் கிரிக்கெட் ஆடுகிறாள். கண்ணாடிக்குப் பின்னால் எலாஸ்டிக். விட்டாரா என் அக்கா? திருவொற்றியூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார்.

"இன்னாடா இது? பொட்டப்புள்ள வெயில்ல கருத்துப் பூடுவா. மூஞ்சில சோடாபுட்டி வேற. எவன்டா கட்டிக்குவான்?"

"கருக்கட்டும்கா. கண்ணாடியும் கயட்ட மாட்டா, ஆட்டமும் நிக்காது. கண்ணு உன்னுதா, அவளுதா?"

வாழ்க்கையில் முதல்முறையாக அக்காவை எதிர்த்துப் பேசினேன். சொன்ன கையோடு இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டேன் — அது வேறு விஷயம். அந்த நேரம் பார்த்து ஒரு பந்து அக்காவின் காலடியில் வந்து விழுந்தது. தூரத்திலிருந்தே கயல் கத்தினாள். "அத்தே, உன் செருப்பாண்ட கீது பாரு, தூக்கிப் போடு!"

போன மாதம் அவளுக்கு அத்தையே தெரிந்திருக்க மாட்டார்.

அதே வீரத்தோடு காசிமேட்டுக்குப் போய் அறிவித்தேன். "இனிமே தலை வேணாம் தனம்மா. கண்ணு துன்னா பவர் குறையாதாம். டாக்டரே சொல்லிட்டாங்க."

தனம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். தலையை எடுத்து என் பையிலேயே போட்டார்.

"உள்ள மூளை கீது நைனா, நீ துன்னு."